கேரம் போர்டின் நடுவில் ஒட்டிய காய்

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில், அண்ணனுடைய பழைய கேரம் போர்டின் நட்டநடுவில் ஒரு கறுப்புக் காயை ஃபெவிக்விக் விட்டு ஒட்டினேன். மற்ற காய்களையெல்லாம் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை மட்டும் திரும்பத் திரும்பச் சுண்டிக்கொண்டிருந்தேன். என் ப்ராஜெக்ட் அங்கேதான் தொடங்கியது.

காய் ஒட்டாத வெறும் போர்டில் ஸ்ட்ரைக்கர் எங்கே போகும் என்று சுண்டும்போதே சொல்லிவிடலாம். கட்டையில் எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். விரல் கொஞ்சம் தவறினாலும் அந்தத் தவறு மெதுவாகத்தான் வளரும். ஒரு மீட்டர் ஓடியபின் இவ்வளவு விலகல் என்றால், இரண்டு மீட்டர் ஓடியபின் அதில் இரண்டு மடங்கு. நடுவில் வட்டமான காய் வந்ததும் இந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. நேர்க்கட்டை எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பும். வளைந்த விளிம்போ, பக்கத்துப் பக்கத்தில் வந்த இரண்டு பாதைகளைப் பிரித்து அனுப்பும்.

எவ்வளவு பிரிக்கும் என்று கையிலேயே போட்டுப் பார்க்கலாம். போட்டிப் பலகையின் ஆடுதளம் 74 செ.மீ. சதுரம். காயின் ஆரமும் ஸ்ட்ரைக்கரின் ஆரமும் சேர்ந்தால் சுமார் 3.6 செ.மீ. உராய்வையும் சுழற்சியையும் மறந்துவிடுவோம். ஸ்ட்ரைக்கர் காயை நேராக மோதி, கட்டைவரை போய்த் திரும்பி மறுபடி காயிடம் வருவதற்குள் தொடக்கத்தில் இருந்த பிழை 30 மடங்குக்கு மேல் பெருகிவிடும். சுண்டும்போது 0.1 மில்லிமீட்டர் தவறியிருந்தால், முதல் சுற்றில் அது 3 மில்லிமீட்டர். இரண்டாவது சுற்றில் 10 செ.மீ. பக்கம். அதாவது மூன்றாவது தடவை ஸ்ட்ரைக்கர் காயில் படாமலே தாண்டிப் போய்விடும். கூட்டல் போட்டு வளர்ந்துகொண்டிருந்த பிழை பெருக்கல் போட்டு வளரத் தொடங்குகிறது. கேயாஸ் என்றால் அவ்வளவுதான். பட்டாம்பூச்சியும் புயலும் இதன் பிற்காலக் கதைகள்.

இந்தப் பலகைக்குக் கணிதத்தில் சினாய் பில்லியர்ட் என்று பெயர். சதுரத்துக்குள் ஒரு வட்டம், அதன்மேல் மோதி ஓடும் ஒரு பந்து. இதன் இயக்கம் உண்மையிலேயே கேயாஸ்தான் என்று 1970-ல் காட்டியவர் ரஷ்யக் கணிதவியலாளர் யாகோவ் சினாய். 2014-ல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது.

இனி போர்டை நானோமீட்டர் அளவுக்குச் சுருக்கி, ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாக ஓர் எலக்ட்ரானை விடுங்கள். அதற்குப் பாதை என்று ஒன்று கிடையாது. பலகை முழுக்கப் பரவிய அலைதான் உண்டு. பாதையே இல்லாத இடத்தில் எந்தப் பாதை எதைவிட்டு விலகும்? கேயாஸ் எங்கே போயிற்று? நான் இந்தத் துறைக்கு வந்ததே இந்த ஒரு கேள்வியால்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது என்னைவிட்டுப் போகவில்லை.

வகுப்பில் வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். குவாண்டம் அலை எப்படி நகரும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு நேரியல் சமன்பாடு (இரண்டு விடைகளைக் கூட்டினால் அதுவும் ஒரு விடை), அதனால் குவாண்டத்தில் கேயாஸ் இருக்க முடியாது என்பார்கள். இரண்டு அலைச்சார்புகள் தொடக்கத்தில் 99 விழுக்காடு ஒத்திருந்தால், எத்தனை யுகம் போனாலும் அதே 99 விழுக்காடுதான். பிழை பெருகவே பெருகாது. கேட்கும்போது சரியாகத்தான் படும். ஆனால் இது அரைகுறையான வாதம். குவாண்டத்துக்கு முந்தைய, நியூட்டன் வழிச் செவ்வியல் இயற்பியலிலும் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரைப் பின்தொடராமல், "இந்த இடத்தில், இந்த வேகத்தில் இருக்க இவ்வளவு வாய்ப்பு" என்று ஒரு பரவலை எடுத்துக்கொண்டால், அதை நகர்த்தும் லியோவில் சமன்பாடும் நேரியல்தான். இரண்டு பரவல்கள் எவ்வளவு ஒத்திருந்தனவோ அங்கேயும் அப்படியே ஒத்திருக்கும். இருந்தும் அந்தப் போர்டில் கேயாஸ் இருக்கிறது. ஆகவே ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை என்று பிரிப்பதற்கு நேரியல் என்கிற காரணம் போதாது.

உண்மையான வித்தியாசம் எவ்வளவு மெல்லியதாகப் போக முடியும் என்பதில் இருக்கிறது. வீச்சு பரோட்டா போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் மாவை வீசி வீசி இழுக்கிறார், பிறகு மடிக்கிறார், மறுபடி இழுக்கிறார். மாவில் ஒரு சொட்டு மஞ்சள் நிறம் விட்டால் நாலைந்து வீச்சில் அது இழை இழையாக எல்லா இடத்துக்கும் போய்விடும். செவ்வியல் கேயாஸ் செய்வதும் இதைத்தான். இருப்பிடத்தையும் உந்தத்தையும் சேர்த்து வரைந்த வெளியில் ஒரு துளியை இழுத்து மடித்து, இழுத்து மடித்து, எல்லையே இல்லாமல் மெலியவைத்துக்கொண்டே போகும். குவாண்டத்தில் அப்படி எல்லையில்லாமல் போக வழியில்லை. இருப்பிடத்தையும் உந்தத்தையும் பெருக்கி வரும் அந்தப் பரப்புக்குப் பிளாங்க் மாறிலி ஓர் அளவை வைத்திருக்கிறது. அடுக்குகள் அந்த அளவை நெருங்கியதும் தனித்தனி அடுக்குகளாக நிற்பதில்லை, ஒன்றோடொன்று குறுக்கிடத் தொடங்கிவிடுகின்றன. அதுவரைக்கும் குவாண்டமும் செவ்வியலும் கைகோர்த்துத்தான் நடக்கும். அதற்குப் பிறகு வழி பிரியும்.

அந்தப் பிரிவு எப்போது வரும் என்பதில்தான் ஆச்சரியம். கேயாஸ் பெருக்கல் வேகத்தில் மெலியவைப்பதால், மிகப் பெரிய பொருளுக்கும் அந்த நேரம் விரைவிலேயே வந்துவிடும். இதன் பயங்கரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தச் சிக்கலை முதலில் மோப்பம் பிடித்தவர் ஐன்ஸ்டைன். ஆண்டு 1917. ஷ்ரோடிங்கர் சமன்பாடு வரவே இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. நீல்ஸ் போர், சோமர்ஃபெல்ட் என்ற இரு இயற்பியலாளர்கள் வகுத்த அப்போதைய குவாண்டம் விதிகள், எலக்ட்ரான் ஓடும் பாதை சைக்கிள் டியூபைப் போன்ற ஒழுங்கான பரப்பின்மேல் சுற்றிச் சுற்றி வரும் என்று நம்பியிருந்தன. அந்த டியூபைச் சுற்றிய தூரத்தைக் கொண்டுதான் எலக்ட்ரானுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் அளவுகளை, அதாவது ஆற்றல் மட்டங்களை, கணக்கிட்டார்கள். மூன்று பொருள் ஒன்றையொன்று ஈர்க்கும் கணக்கில் அத்தகைய ஒழுங்கு இல்லாமல் போகும் என்று கணிதவியலாளர் புவான்கரே 1890-லேயே காட்டியிருந்தார். டியூபே இல்லாதபோது எதைச் சுற்றி அளப்பது என்று ஐன்ஸ்டைன் கேட்டார். அந்தக் கட்டுரையை ஏறத்தாழ 40 ஆண்டுகள் யாரும் சீண்டவில்லை. ஓர் அணுக்கரு, இரண்டு எலக்ட்ரான், மொத்தம் மூன்று பொருள் கொண்ட ஹீலியத்தில் பழைய விதிகள் தடுக்கி விழுந்தன. புதிய குவாண்டம் இயக்கவியல் வந்து வேலையை முடித்ததும் ஐன்ஸ்டைனின் கேள்வி மூலையில் கிடந்தது.

அது திரும்பி வந்த வழி யாரும் எதிர்பாராதது. 1950-களில் இயற்பியலாளர் யூஜீன் விக்னர் கனமான அணுக்கருக்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். யுரேனியம் போன்ற கருவின்மேல் மெதுவான நியூட்ரான்களை விட்டால், சில குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டும் அவை பலமாக உறிஞ்சப்படும். அந்த ஆற்றல்களை வரிசையாகக் குறித்தால் நூற்றுக்கணக்கான கோடுகள் வரும். இருநூற்றுச் சொச்சம் துகள்கள் முட்டி மோதும் கருவில் ஒவ்வொரு கோட்டையும் கணக்கிட்டுச் சொல்வது நடக்காத காரியம். விக்னர் வேறொன்று செய்தார். கருவை விவரிக்கும் அணியில் (மேட்ரிக்ஸில்) எண்களைக் குருட்டாம்போக்கில் நிரப்பினால், அதன் மட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் எப்படிப் பரவியிருக்கும் என்று கேட்டார்.

விடையின் முக்கியமான பகுதியை இரண்டே மட்டங்களை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு மட்டம் இன்னொன்றை நெருங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு பிணைப்பு இருக்கிறது. கடைசியில் கிடைக்கும் இடைவெளி, பிணைப்பு இல்லாதபோது அவற்றுக்கிடையே இருந்த வித்தியாசத்தின் வர்க்கத்தையும், பிணைப்பை இரட்டித்து எடுத்த வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வரும். பித்தகோரஸ் முக்கோணத்தின் கர்ணம் மாதிரி. கர்ணம் சுழியாக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுழியாக வேண்டும். அது அபூர்வம். எனவே மட்டங்கள் ஒன்றை ஒன்று தொடாமல் விலகிக்கொள்கின்றன. பிணைப்பே இல்லாத ஒழுங்கான அமைப்பில் இந்த விலகல் கிடையாது. அங்கே மட்டங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல், கூரைமேல் விழும் மழைத்துளிகளைப் போல வந்து விழும். அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு விழுவதுதான் அதில் அதிகம்.

(மெக்சிகோவின் குவர்னவாகா நகரில் பேருந்துகள் நிறுத்தத்துக்கு வரும் இடைவெளியும், மிக நெருக்கமானவை அபூர்வமாக இருக்கும் இந்த விக்னர் வகை வளைவில் அமர்கிறது என்று 2000-ல் கிர்பாலெக், ஷேபா என்ற இருவர் அளந்து காட்டினார்கள். முன்னால் போன வண்டி எப்போது போயிற்று என்று அப்போது அங்கே ஓட்டுநர்கள் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டு, ஒட்டாமல் ஓட்டினார்கள். நம்மூர் தனியார் பேருந்து நிலையங்களில் டைம் கீப்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.)

1977-ல் பெர்ரி, டேபர் என்ற இரு இயற்பியலாளர்கள் ஒழுங்கான அமைப்புகளுக்கு மழைத்துளிப் பரவல் என்று வாதிட்டார்கள். 1984-ல் பாரிஸை ஒட்டிய ஓர்சேயில் போஹிகாஸ், ஜியனோனி, ஷ்மித் மூவரும் மறுபாதியைச் சொன்னார்கள். செவ்வியலில் கேயாஸ் உள்ள அமைப்பைக் குவாண்டமாக்கினால், அது எவ்வளவு எளியதாக இருந்தாலும், அதன் மட்டங்கள் விக்னரின் குருட்டு அணியைப் போலவே விலகி நிற்கும் என்றார்கள். இருநூறு துகள் தேவையில்லை, ஒரே ஒரு துகளும் ஒரு வளைந்த சுவரும் போதும். அவர்கள் கணக்கிட்டுக் காட்டியது சினாய் பில்லியர்ட்டைத்தான். என் அண்ணனின் போர்டை.

அதை நானே என் கையால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ப்ராஜெக்ட். சதுரத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நடுவில் வட்டத்தை வெட்டியெடுத்து, அணியை உருவாக்கி, அதன் ஐகன் மதிப்புகளை, அதாவது ஆற்றல் மட்டங்களை, எடுத்தேன். லேப்டாப் இரவெல்லாம் ஓடியது. சில நூறு மட்டங்கள் கிடைத்தன. சராசரி இடைவெளியை 1 என்று வைத்து ஹிஸ்டோகிராம் வரைந்தேன். சுழிக்குப் பக்கத்தில் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில், எல்லாவற்றையும்விட உயரமான கம்பம் நின்றது. மட்டங்கள் விலகவே இல்லை. ஜோடி ஜோடியாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. இரண்டு வாரம் நிரலில் பிழை தேடினேன். பிழை இல்லை.

வழிகாட்டியிடம் போய் நின்றேன். "சார், போஹிகாஸ் சொன்னது எனக்கு வர மாட்டேங்குது."

அவர் படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மேசையிலிருந்து ஒரு சதுரக் காகிதத்தை எடுத்து நடுவே மடித்தார். குறுக்கே மடித்தார். பிறகு மூலைக்கு மூலை மடித்தார். கையில் ஒரு சின்ன முக்கோணம், எட்டு அடுக்கு. அதன் மையமுனையைக் கத்தரியால் வளைவாக நறுக்கி, விரித்துக் காட்டினார். நடுவில் வட்ட ஓட்டையோடு என் போர்டு.

"எட்டு போர்டை ஒண்ணா ஒட்டி வச்சிருக்கேம்மா. ஒண்ணு இன்னொண்ணோட பேசுமா?"

அப்போதுதான் உறைத்தது. சதுரத்தின் சமச்சீரால் மட்டங்கள் வெவ்வேறு குடும்பங்களாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு குடும்பத்துக்கும் இன்னொன்றுக்கும் பிணைப்பு கிடையாது, அதனால் விலகலும் கிடையாது. சில மட்டங்கள் சமச்சீராலேயே அச்சாக இரட்டையாக வரும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி எண்ணினால் மழைத்துளிதான் தெரியும். அன்றிரவு போர்டை எட்டில் ஒன்றாக வெட்டினேன். முனை கடிபட்ட ஒரு செங்கோண முக்கோணம். மறுபடி ஓட்டினேன். சுழியில் கம்பம் இல்லை. அங்கிருந்து நேர்கோடாக ஏறி, 1-க்குச் சற்று முன்னால் உச்சி தொட்டு, வலப்பக்கம் சரிந்து இறங்கும் அந்த வளைவு திரையில் வந்தது. விடியற்காலை மூன்றரை மணி. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

அந்த வளைவில் நேரம் என்பதே இல்லை. எதுவும் எதைவிட்டும் விலகி ஓடவில்லை. வெறும் எண்களின் வரிசை. ஆனால் நடுவில் அந்தக் காய் இருக்கிறதா இல்லையா என்று அந்த எண்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். செவ்வியலில் கேயாஸ் ஓட்டத்தில் தெரிகிறது. குவாண்டத்தில் அதே கேயாஸ் மட்டங்கள் நிற்கும் நிலையில் தெரிகிறது. இதைத்தான் நான் ஆணித்தரமாக நம்புகிறேன்: கேயாஸ் குவாண்டத்தில் தொலைந்துபோவதில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. மூவர் சொன்ன அந்த ஊகத்தைக் கணித முறைப்படி முழுமையாக நிரூபிப்பது இன்றும் பாக்கி இருக்கிறது. இயற்பியலாளர்கள் ஏற்கும் வாதங்கள் உண்டு, கணிதவியலாளர் ஏற்கும் நிரூபணம் இல்லை.

வாதங்களுக்கு அடித்தளம் போட்டது 1971-ல் ஐ.பி.எம்.மில் இருந்த மார்ட்டின் குட்ஸ்வில்லரின் சூத்திரம். கேயாஸ் நிறைந்த பலகையிலும் சில பாதைகள் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சரியாகச் சேரும். என் போர்டில் காய்க்கும் கட்டைக்கும் நடுவே நேராகப் போய் வந்துகொண்டிருக்கும் பாதை அப்படிப்பட்டது. மயிரிழை தவறினால் கெட்டுவிடும், ஆனாலும் அது இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையற்ற பாதைகளை எல்லாம் கூட்டினால் ஆற்றல் மட்டங்களின் அடர்த்தி வந்துவிடும் என்றார் அவர். 1984-ல் எரிக் ஹெல்லர் ஓட்டப்பந்தய மைதானம் போன்ற பலகையில் அலைகளை வரைந்து பார்த்தபோது, சில அலைகள் எங்கும் சமமாகப் பரவாமல் இந்த நிலையற்ற பாதைகளின் மேல் தடித்துக் கிடந்தன. அவற்றுக்கு அவர் வடு என்று பொருள்படும் பெயரை வைத்தார். பந்து அங்கே தங்கவே தங்காது. அலை மட்டும் தழும்பை விட்டுவிட்டுப் போகிறது. 1991-ல் பாஸ்டனில் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீதர், மெல்லிய உலோகப் பெட்டிக்குள் மைக்ரோவேவ் அலைகளை விட்டு இந்த வடுக்களை நேரடியாக அளந்து காட்டினார். பெட்டி மெல்லியதாக இருந்தால் மைக்ரோவேவும் ஷ்ரோடிங்கர் அலையும் ஒரே சமன்பாட்டுக்குத்தான் கட்டுப்படும்.

பலகையைவிட்டு வெளியே வந்தால் பம்பரம் இருக்கிறது. சுழலும் பம்பரத்தைச் சீரான இடைவெளியில் தட்டிக்கொண்டே இருங்கள். தட்டும் பலத்தைப் பொறுத்து சில தொடக்கநிலைகளில் அது ஒழுங்காகச் சுழலும், சிலவற்றில் தாறுமாறாகும். 2009-ல் அரிசோனாவில் பௌல் ஜெசனின் குழு ஒரு சீசியம் அணுவையே பம்பரமாக்கியது. அணுவின் மொத்தத் தற்சுழற்சி வெறும் 3, அதாவது ஏழே நிலைகள். பெரியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தும் செவ்வியல் படத்தில் ஒழுங்கான தீவுகள் எங்கே இருந்தனவோ, அந்த இடங்களில் அணு ஒழுங்காக இருந்தது. கேயாஸ் கடல் இருந்த இடங்களில் எலக்ட்ரானின் சுழற்சியும் அணுக்கருவின் சுழற்சியும் பின்னிப் பிணைந்துகொண்டன. இந்தக் குவாண்டம் பிணைப்பு (என்டேங்கிள்மென்ட்) என்பது செவ்வியலில் இல்லவே இல்லாத சரக்கு. அது எங்கே கூடும் என்பதை மட்டும் செவ்வியல் வரைபடம் சொல்லிவிடுகிறது. மூன்று, நான்கு க்யூபிட் (இரண்டே நிலை கொண்ட குவாண்டம் அலகு) மட்டுமே கொண்ட இதே பம்பரத்தைக் காகிதத்திலேயே தீர்க்கலாம் என்று காட்டியவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யின் அருள் லட்சுமிநாராயண் ஒருவர். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு மறுபடி அந்த மூன்றரை மணி நினைவு வந்தது.

இப்போது தள்ளிவைத்த பயங்கரத்துக்கு வருகிறேன். சனிக்கோளுக்கு ஹைபீரியன் என்று ஒரு துணைக்கோள் உண்டு. உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலானது. மற்ற பல துணைக்கோள்களைப் போல ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றாமல், தாறுமாறாக உருண்டுகொண்டிருக்கும் என்று விஸ்டமும் உடன் ஆய்வாளர்களும் 1984-ல் கணித்தார்கள். மைக்கேல் பெர்ரி இதற்கு ஒரு கணக்குப் போட்டார். ஹைபீரியனின் திசையில் உள்ள ஒரு சிறு பிழை 2.718 மடங்காக 100 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுழற்சி பிளாங்க் மாறிலியைப் போல எத்தனை மடங்கு? 1-க்குப் பின்னால் 58 சுழி. அவ்வளவு பெரிய எண் இருக்கும்போது குவாண்டம் நமக்கெதற்கு என்றுதான் தோன்றும். ஆனால் 1-ஐ 2.718-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 134-வது பெருக்கலில் அந்த எண்ணைத் தாண்டிவிடுவோம். 134 தடவை 100 நாள், மொத்தம் 13,400 நாள். 37 ஆண்டுகூட முழுசாக ஆகவில்லை. இயற்பியலாளர் வோய்ச்சேக் ஜுரெக் வேறு அளவுகளை எடுத்துப் போட்ட கணக்கில் 20 ஆண்டுதான் வந்தது.

இதன் பொருளை முதலில் படித்தபோது நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை மட்டும் நம்பினால், ஒரு மனித ஆயுளுக்குள் ஒரு முழு நிலவு தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்பதை இழந்து, எல்லாத் திசைகளிலும் ஒரே சமயத்தில் பரவிப்போயிருக்க வேண்டும். அதற்குக் காரணம் அதே கேயாஸ். உருளாமல் ஒழுங்காகச் சுற்றும் நிலவுக்கு இந்த ஆபத்து இத்தனை சீக்கிரம் வராது.

அது ஏன் நடக்கவில்லை என்பதற்கு ஜுரெக்கும் பெர்ரியும் சொல்லும் பதில், ஹைபீரியன் தனியாக இல்லை என்பதுதான். சூரிய ஒளி அதன்மேல் விழுகிறது. அதில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு ஒளித்துகளும் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற செய்தியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. அந்தச் செய்தி வெளியே போய்விட்டால் குறுக்கிடுவதற்கு அடுக்குகள் மிஞ்சுவதில்லை. குவாண்டம் அடக்கிவைத்திருந்த கேயாஸ் மறுபடி பழைய வேகத்தில் ஓடத் தொடங்குகிறது. அந்த நிலவு தாறுமாறாக உருள்கிறது என்று நாம் சொல்ல முடிவதே வெளிச்சம் அதைத் தொட்டுக்கொண்டே இருப்பதால்தான்.

வாயேஜர்-2 அதை 1981-ல் படமெடுத்தது. 2005 செப்டம்பர் 26 அன்று காசினி விண்கலம் சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில் அதைக் கடந்து போனது. அந்தப் படத்தை என் மேசைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன். கடற்பஞ்சு மாதிரி உடம்பெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு பக்க விளிம்பு சூரிய வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கிறது, மறுபக்கம் கூர்மையான கறுப்பு நிழல்.